சேவலின் கொண்டையும் ஃபின்ச்சின் ஞாபகமும்

1849-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்த்தோல்டு என்ற பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களை அறுவை செய்தார். இரண்டின் விந்தகங்களை எடுத்துவிட்டு அப்படியே விட்டார். அவை கொண்டை வெளுத்து, சண்டைக்கு நிற்காமல், ஒழுங்காகக் கூவத் தெரியாமல் வளர்ந்தன. மற்றவற்றின் விந்தகத்தை இருந்த இடத்திலிருந்து பிரித்து வயிற்றுக்குள்ளேயே வேறிடத்தில் பதித்தார். சிலவற்றுக்குத் தன்னுடையது, சிலவற்றுக்கு அடுத்த சேவலுடையது. அவற்றின் கொண்டை சிவந்தது. கூவின, சண்டை போட்டன, பெட்டையைத் துரத்தின.

காயடித்தால் காளை அடங்கும், கிடா கொழுக்கும் என்பது உழவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. பெர்த்தோல்டு கண்டது அதற்கு மேல் ஒரு படி. நரம்புகள் அறுந்த பிறகும் விந்தகம் உடம்பை ஆட்டிவைக்கிறது என்றால், அது ரத்தத்தில் எதையோ கலக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. நான்கே பக்கக் கட்டுரை. எழுதியதோடு சரி, அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை.

ஆனால் அந்தச் சேவல்கள் ஒரு படத்தை அறிவியலின் மனத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டன. வயிற்றுக்குள் ஒரு சுரப்பி. அது உத்தரவு போடுகிறது. உத்தரவு ரத்தத்தில் ஏறித் தலைக்குப் போகிறது. தலை கீழ்ப்படிகிறது. ஆண் ஆணாக நடந்துகொள்கிறது. ஞாபகம், வழி, இடம் ஆகியவற்றுக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை. பெண்ணுக்கும் ஏறக்குறைய இல்லை.

பின்னால் வந்த ஆண்டுகள் இந்தப் படத்துக்கு வண்ணம் தீட்டுவதில்தான் கழிந்தன. 1920-களில் கனடாவின் எட்மண்டனில் வில்லியம் ரோவன், ஜங்கோ என்ற சின்னக் குருவிகளை உறைபனிக் காலத்தில் வெளிக்கூண்டில் வைத்து மாலையில் விளக்குப் போட்டார். வெளியே கடுங்குளிர், ஆனால் பகல் நீண்டுவிட்டதாக ஏமாந்த குருவிகளின் விந்தகங்கள் வசந்தம் வந்ததுபோல் பருத்தன. பறவைகளுக்கு இது பெரிய வசதி. முட்டைக் காலம் முடிந்ததும் விந்தகமும் சூலகமும் சுருங்கி ஒன்றுமில்லாமல் ஆகும். பறப்பவனுக்கு எடை குறைந்தால் லாபம்தானே. மறு ஆண்டு பகல் நீளும்போது பல நூறு மடங்கு வளரும். 1930-களில் பெண் கேனரிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் அதுவும் ஆணைப்போல் பாடும் என்று கண்டார்கள். சுரப்பி சொல்கிறது, தலை கேட்கிறது என்ற கதை இன்னும் உறுதிப்பட்டது.

1976-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ நோட்டபோமும் ஆர்தர் அர்னால்டும் கேனரி, ஜீப்ரா ஃபின்ச் ஆகியவற்றின் மூளையை அறுத்துப் பார்த்து, பாட்டுக்கான பகுதிகள் ஆணில் பெண்ணைவிடப் பல மடங்கு பெரியவை என்று காட்டினார்கள். ஜீப்ரா ஃபின்ச் என்றால் நம்மூர்ப் பறவைக் கடைகளில் ஜோடியாக விற்கும் அதே ஆஸ்திரேலியக் குருவி. ஆணின் கன்னத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டு இருக்கும். ஆண் மூளை, பெண் மூளை என்று கண்ணால் பார்த்தே சொல்லும்படி ஒரு வித்தியாசம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. 1983-இல் நோட்டபோமும் ஸ்டீவன் கோல்ட்மனும் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்த பெண் கேனரிகளின் மூளையில் புதிதாகப் பிறந்த நரம்பணுக்களைத் தேடினார்கள். கிடைத்தன. ஹார்மோன் கொடுக்காத பெண்களிலும் கிடைத்தன. வளர்ந்த மூளையில் புது நரம்பணு பிறக்காது என்று பாடப்புத்தகங்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இந்தத் துறையில் பெரிய உண்மைகள் பல, வேறு எதையோ தேடப்போன இடத்தில் காலில் இடறியவைதான்.

ஞாபகம் வந்து சேர்ந்தது வேறு வழியில். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வைட்டம் காடு. அங்கே மார்ஷ் டிட் என்ற, நம் பட்டாணிக்குருவிக்கு உறவுக்காரக் குருவி, கிடைத்த விதையை உடனே தின்னாமல் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் பாசிக்குள்ளும் பட்டை இடுக்கிலும் ஒளிக்கும். ஓர் இடத்துக்கு ஒரு விதைதான். ஜான் கிரெப்ஸ், டேவிட் ஷெர்ரி, ரிச்சர்ட் கவி ஆகியோர் சூரியகாந்தி விதைகளில் லேசாகக் கதிரியக்கம் ஏற்றிக் கொடுத்துவிட்டு, கதிர் உணரும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டுத்தரையைத் தடவிச் சென்றார்கள். கருவி கூவிய இடத்தில் விதை. அதையும் பக்கத்தில் தாங்களே ஒளித்த விதையையும் கவனித்தால், குருவி ஒளித்ததுதான் முதலில் காணாமல் போயிற்று. மோப்பமும் அதிர்ஷ்டமும் என்றால் இரண்டும் ஒன்றுபோல் போயிருக்க வேண்டும். 1981-இல் இதை வெளியிட்டார்கள். 1989-இல் ஷெர்ரியின் குழுவும் கிரெப்ஸின் குழுவும் தனித்தனியே மூளையை அளந்து, விதை ஒளிக்கும் இனங்களுக்கு, இடத்தை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி மற்ற இனங்களைவிடப் பெரியது என்று காட்டின. பறவையில் இது மூளையின் உச்சியில், மண்டையோட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. இந்த இருப்பிடம் பின்னால் உதவியது.

அப்போது பாலூட்டிகளில் நடந்த ஆராய்ச்சி ஆணுக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. பல பெண்களைத் தேடி அலையும் வோல் என்ற எலியினத்தில் ஆண் சுற்றும் பரப்பும் பெரிது, புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிப்பதும் ஆணே மேல். ஒரே துணையோடு வாழும் வோல் இனத்தில் இந்த வித்தியாசம் இல்லை. ஆய்வின் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பெண்ணுக்கு வழி தெரியாது என்ற பழைய நக்கலுக்கு அறிவியல் முத்திரை குத்திய பத்திரிகைகளுக்குக் குறைவில்லை. வித்தியாசம் பாலில் இருந்ததா, யார் அலைய வேண்டியிருந்தது என்பதில் இருந்ததா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழிதான் உண்டு. பெண் அலைந்து, ஆண் அலையாத ஓர் உயிரினம் வேண்டும்.

வட அமெரிக்காவில் அப்படி ஒரு பறவை இருக்கிறது. பழுப்புத்தலைக் கௌபேர்ட். ஒரு காலத்தில் காட்டெருமை மந்தைகளின் பின்னால் பூச்சி பொறுக்கித் திரிந்த பறவை. கூடு கட்டுவதே இல்லை. இருநூறுக்கு மேற்பட்ட பறவையினங்களின் கூடுகளில் அதன் முட்டை கிடைத்திருக்கிறது. ஒரு பருவத்தில் ஒரே பெண் நாற்பது முட்டை வரை இடக்கூடும்.

இந்தத் திருட்டு சோம்பேறியின் வேலை என்று தோன்றும். பெண் கௌபேர்டின் ஒரு நாளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. காலையில் ஒரு மரக்கிளையில் அசையாமல் உட்கார்ந்து, நாரும் புல்லும் வாயில் கவ்விப் போகும் சிறு பறவை எந்தப் புதருக்குள் நுழைகிறது என்று கவனிக்கிறது. கூடு கண்டால் போதாது. வீட்டுக்காரி முட்டையிடத் தொடங்கிய சமயம் பார்த்து வர வேண்டும். முன்னமே இட்டால் வீட்டுக்காரி சந்தேகப்பட்டுக் கூட்டையே கைவிடலாம். பின்னால் இட்டால் குஞ்சு பிந்திப் பொரித்துத் தீனிப் போட்டியில் தோற்கும். ஆகவே ஒரே நேரத்தில் பல கூடுகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு கட்டத்தில், அதன் தலைக்குள் இருக்க வேண்டும். முட்டையிடுவது விடியுமுன். இருட்டில் நேராக அந்தக் கூட்டுக்குப் பறந்து, உட்கார்ந்து, ஒரு நிமிஷத்துக்குள் முட்டையிட்டுக் கிளம்பிவிடுகிறது. தேடி அலையும் வெளிச்சமும் இல்லை, அவகாசமும் இல்லை. ஆண் கௌபேர்டுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. நம்மூர்க் குயிலிடமும் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். ஊர் முழுக்கப் பேர் வாங்குவது கூவும் ஆண், காக்கைக் கூட்டில் முட்டையை வைத்துவிட்டுத் தப்பி வருவது பெண்.

1993-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஷெர்ரியும் குழுவினரும் கௌபேர்டின் மூளையை அளந்தார்கள். பெண்ணின் ஹிப்போகாம்பஸ் ஆணுடையதைவிடப் பெரிதாக இருந்தது. கூடு கட்டி வாழும் அதன் நெருங்கிய உறவினங்கள் இரண்டில் அப்படி எதுவும் இல்லை. 1996-இல் அர்ஜென்டினாவிலிருந்து இன்னும் அழகான ஆதாரம் வந்தது. அங்கே இரண்டு வகைக் கௌபேர்ட். ஷைனி என்ற வகையில் பெண் தனியாகக் கூடு தேடும்; ஸ்க்ரீமிங் என்ற வகையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து தேடும். ஹுவான் ரெபொரேடா, நிக்கோலா கிளேட்டன், அலெக்ஸ் கசெல்னிக் ஆகியோர் அளந்தபோது, முதல் வகையில் பெண்ணுக்குப் பெரிது. இரண்டாம் வகையில் இருவருக்கும் சமம். அடுத்த ஆண்டு, முட்டைக் காலம் அல்லாத மாதங்களில் இவற்றின் ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருப்பதையும் அவர்களே கண்டார்கள். வேலை இருக்கும் பருவத்தில் பட்டறை பெரிதாகிறது.

பருவத்தோடு ஏறி இறங்குவது என்றால் பறவை ஆய்வாளருக்கு உடனே நினைவுக்கு வருவது பாலின ஹார்மோன். எது, எங்கிருந்து, எப்படி? பெர்த்தோல்டு மாட்டிய படம் கழன்று விழுந்தது இந்த இடத்தில்தான்.

டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் ஒரு நொதி உண்டு. அதன் பெயர் அரோமடேஸ். பாடும் பறவைகளின் மூளையில் இது மிக அதிகம். 1991-இல் பார்னி ஷ்லிங்கரும் ஆர்தர் அர்னால்டும் ஆண் ஜீப்ரா ஃபின்ச்சில் ஈஸ்ட்ரோஜன் தயாராகும் முக்கிய இடம் எது என்று ஒவ்வோர் உறுப்பாகச் சோதித்தார்கள். விந்தகம் இல்லை. மூளை. மறு ஆண்டு அவர்கள் காட்டியது இன்னும் தூக்கிவாரிப் போட்டது: ஆண் ஃபின்ச்சின் ரத்தத்தில் ஓடும் ஈஸ்ட்ரோஜனே மூளையிலிருந்து வருகிறது. வயிற்றிலிருந்து தலைக்குப் போவதாகப் பல பத்தாண்டுகளாக நம்பிய ஹார்மோன், தலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதுவும் ஓர் ஆணின் தலையிலிருந்து, பெண்ணுடையது என்று எழுதிவைத்த ஹார்மோன்.

1998-இல் கோலின் சல்தான்ஹாவும் சகாக்களும் பல இனங்களை ஒப்பிட்டு, பாடும் பறவைகளின் ஹிப்போகாம்பஸ் அரோமடேஸ் நிறைந்த இடங்களில் ஒன்று என்று காட்டினார்கள். பாட்டுக்கும் காதலுக்கும் சண்டைக்கும் ஹார்மோன் வேண்டும், சரி. இடத்தை நினைவில் வைக்கும் பகுதிக்கு எதற்கு?

அதைச் சோதிக்கக் காயடித்த ஆண் ஃபின்ச்சுகளை எடுத்துக்கொண்டார்கள். பெர்த்தோல்டு தொடங்கிய அதே கத்திதான், கேள்வி மட்டும் வேறு. தீனி ஒளித்த இடத்தைக் கண்டுபிடித்து நினைவில் வைக்கப் பறவைக்குப் பயிற்சி. எஸ்ட்ராடயால் கிடைத்த பறவைகள் சீக்கிரம் கற்றுக்கொண்டன. அவற்றின் ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில் நரம்பணுக்களும் பருத்திருந்தன. இது 2004-இல். ஆனால் வெளியிலிருந்து கொடுத்த மருந்து உடம்பு முழுக்கப் போகும். ஞாபகத்துக்கு உதவியது மூளை தானே செய்துகொள்ளும் ஈஸ்ட்ரோஜன்தானா என்று அறிய, அந்த ஓரிடத்தில் மட்டும் உற்பத்தியை நிறுத்திப் பார்க்க வேண்டும். இங்கேதான் ஹிப்போகாம்பஸ் மண்டையோட்டுக்கு நேர் அடியில் இருப்பது கைகொடுத்தது. அரோமடேஸை முடக்கும் மருந்தை மிகச் சிறிய வில்லையாக்கி, மூளையைக் குத்தாமல், அந்தப் பகுதியின் மேலேயே வைத்தார்கள். 2013-இல் வெளிவந்த முடிவு: அந்தப் பறவைகள் தீனி இருந்த இடத்தை நினைவுகூரத் தடுமாறின. மருந்தோடு எஸ்ட்ராடயாலும் சேர்த்து வைத்தால் தடுமாற்றம் இல்லை. ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்பதைவிட அந்தக் கடுகளவு இடத்தில் என்ன தயாராகிறது என்பதே ஞாபகத்தைத் தீர்மானித்தது.

நொதி அங்கே எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்றும் பார்த்தார்கள். நரம்பணுவின் உடலில் மட்டும் இல்லை. ஒரு நரம்பணு அடுத்ததோடு பேசும் முனையிலேயே, செய்தி புறப்படும் வாசலிலேயே அது இருக்கிறது. சந்தையில் வாங்கிய பொடியை டப்பாவிலிருந்து தூவாமல், வேண்டியபோது வேண்டிய அளவு அம்மியில் அரைத்துப் போடும் சமையல் மாதிரி. சரக்கு வெளியிலிருந்து வரலாம், அரைப்பது அடுப்படியில். வேகமும் அதற்கேற்ப. லூக் ரிமேஜ்-ஹீலி, ஷ்லிங்கர் ஆகியோர் 2008-இல், விழித்திருக்கும் ஃபின்ச்சின் மூளைக்குள் மயிரிழைக் குழாய் செலுத்தி, பெண்ணைச் சந்தித்த அரை மணிக்குள் எஸ்ட்ராடயால் அளவு ஏறுவதைப் பிடித்தார்கள். அவர்கள் அளந்தது கேட்கும் பகுதியில், ஹிப்போகாம்பஸில் இல்லை. என்றாலும் ஹார்மோன் என்றால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் வேலை செய்வது என்ற எண்ணம் அத்தோடு போயிற்று. பருவத்துக்குப் பருவம் மாறுவதாக நினைத்த ஒன்று நிமிஷக்கணக்கில் மாறுகிறது.

சரக்கு விந்தகத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. பாட்டுச் சிட்டு என்ற அமெரிக்கக் குருவியின் ஆண், இலையுதிர் காலத்தில் விந்தகம் சுருங்கி ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளக்க முடியாத அளவுக்குப் போன பிறகும் தன் எல்லைக்காக மல்லுக்கு நிற்கும். ஜான் விங்ஃபீல்டும் கிரண் சோமாவும் தேடிப் பார்த்ததில், ரத்தத்தில் ஓடும் டி.ஹெச்.ஈ.ஏ. என்ற வீரியமற்ற மூலப்பொருளை மூளை எடுத்துத் தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ள முடியும் என்று தெரிந்தது. கருந்தலைச் சிக்கடி என்ற விதை ஒளிக்கும் குருவியின் ஹிப்போகாம்பஸில் புது நரம்பணுக்கள் உச்சமாகச் சேர்வது அக்டோபரில் என்று 1994-இல் அனத் பர்னேயாவும் நோட்டபோமும் கண்டதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அக்டோபர் முட்டைக் காலமே இல்லை. விதை ஒளிக்கும் காலம்.

எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்று நினைக்கும்போது கௌபேர்ட் மறுபடி குட்டையைக் குழப்பியது. 2014-இல் மெலனி கிகேனோவும் ஷெர்ரியும் பிறரும் இருபத்தைந்து கிண்ணங்களில் ஒன்றில் மட்டும் தீனி வைத்து, மறுநாள் அதை நினைவுவைத்திருக்கிறதா என்று சோதித்தார்கள். பெண்கள் குறைவாகத் தப்புச் செய்தன. பாலூட்டிகளில் கேட்டுப் பழகிய கதைக்கு நேர் எதிர். ஆனால் அடுத்த ஆண்டு அதே குழு தொடுதிரையில் இடம் காட்டும் சோதனை வைத்தபோது ஜெயித்தது ஆண்! நடந்தும் பறந்தும் தேடும் வெளியும், அலகால் கொத்தும் கண்ணாடித் திரையும் பறவைக்கு ஒன்றல்ல போலிருக்கிறது. இடஞ்சார்ந்த ஞாபகம் என்று நாம் ஒரே பெயரில் கட்டிவைத்திருப்பது பல சங்கதிகளின் மூட்டை என்றுதான் எனக்குப் படுகிறது. 2016-இல் அவர்கள் மூளையையும் அளந்தார்கள். கூடு கட்டும் உறவினமான செந்தோள் கரும்பறவையிலும் பெண்ணுக்கே ஹிப்போகாம்பஸ் பெரிது என்று வந்தது; 1993-இல் அப்படி இல்லை. அர்ஜென்டினாவில் கண்டதுபோல் பருவத்துக்குப் பருவம் அளவும் மாறவில்லை. ஆனால் புது நரம்பணுக்கள் ஆண் கௌபேர்டைவிடப் பெண் கௌபேர்டில் அதிகம். கரும்பறவையில் அந்த வித்தியாசம் இல்லை. அவை அதிகமாகப் பிறந்தது முட்டைக் காலத்தில்கூட இல்லை, அது முடிந்த பிறகு. போன பருவத்துக் கூடுகளை மறக்க அது உதவலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பழைய முகவரிகளைச் சுமந்துகொண்டு அடுத்த வசந்தத்தில் கூடு தேட முடியாதுதானே.

ஆய்வுக்கூடங்களின் பழக்கமும் மாறியிருக்கிறது. ஃபின்ச் ஆராய்ச்சியில் முன்பு ஆணையே அதிகம் எடுத்தார்கள். பாடுவது அதுதான் என்பது ஒரு காரணம், பெண்ணின் ஹார்மோன் ஏறி இறங்கிக் கணக்கைக் கெடுக்கும் என்ற பயம் இன்னொன்று. ஆணின் மூளையிலேயே அரை மணிக்குள் ஏறி இறங்குகிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பயத்துக்கு அர்த்தமில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2016 முதல், முதுகெலும்புள்ள உயிரினங்களில் ஆய்வுக்குப் பணம் கேட்பவர்கள் இருபாலையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஒன்றை விட்டால் தக்க காரணம் சொல்ல வேண்டும் என்று கேட்கிறது.

இந்த ஆராய்ச்சியைப் பறவைப் பிரியர்கள் மட்டும் படிப்பதில்லை. அரோமடேஸை முடக்கும் மருந்துகளை, லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்றவற்றை, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்க ஆண்டுக்கணக்கில் கொடுக்கிறார்கள். உயிர் காக்கும் மருந்து. அதை நிறுத்தச் சொல்ல எந்தக் குருவியும் காரணமில்லை. ஆனால் எடுத்துக்கொள்பவர்களில் சிலர் மறதி கூடியிருப்பதாகச் சொல்கிறார்கள். மருந்தாலா, சிகிச்சையின் களைப்பாலா, வயதாலா, கவலையாலா என்று பிரித்துச் சொல்வது மருத்துவருக்குக் கடினம். ஃபின்ச்சிடம் அந்தச் சிக்கல் இல்லை. அதன் வயது தெரியும், அதற்கு நோய் இல்லை, மருந்து மூளையின் எந்தப் பகுதி மேல் எத்தனை நாள் இருந்தது என்பதும் குறிப்பேட்டில் இருக்கிறது.